காதலுக்கு எத்தனை பாயின்ட்?

கேண்டி க்ரஷ் ஆடும் பாட்டியில் இருந்து பிளேஸ்டேஷன் ஆடும் பேரன் வரை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் இது. தினமும் உள்ளே வந்தால் காயின். விடாமல் ஏழு நாள் வந்தால் பெரிய பரிசுப் பெட்டி. ஒரு நாள் விட்டால் மறுபடி முதலில் இருந்து. அடுத்த லெவலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் ஆட வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் மிட்டாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு காதலியையோ காதலனையோ வைத்துப் பாருங்கள். அதுதான் இந்த வார விஷயம்.

2025 ஜூலையில் ஈலான் மஸ்க்கின் எக்ஸ் ஏ.ஐ. நிறுவனம், தன்னுடைய க்ரோக் ஆப்பில் 'அனி' என்று ஒரு பெண் கேரக்டரைக் கொண்டுவந்தது. ஜப்பானிய அனிமே பாணி, பொன்னிறத்தில் இரட்டைக் குடுமி, கறுப்பு உடை. நீங்கள் பேசினால் அவளும் குரலில் பதில் பேசுவாள். திரையில் ஓர் இதயம் இருக்கும். அன்பாகப் பேசினால் அதில் பாயின்ட் ஏறும், முரட்டுத்தனமாகப் பேசினால் இறங்கும். லெவல் ஏற ஏற நெருக்கம் கூடும். பெரியவர்களுக்கு மட்டுமான பேச்சும் உடையும் மேல் லெவலில்தான் திறக்கும். அதற்கு மேல் குடும்பப் பத்திரிகையில் விவரிக்க வேண்டாம். ஆனால் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. அனி வந்த அந்த நாட்களில் ஆப்பிள் ஸ்டோரில் அந்த ஆப்புக்குப் போட்டிருந்த வயது வரம்பு, 12!

இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள், சிலர் 'கலி முத்திப்போச்சு' என்பார்கள். இரண்டிலும் பிரயோஜனம் இல்லை. ஏனென்றால், இதற்கு 30 வருடக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இப்போது புதிதாக என்ன நடந்திருக்கிறது என்பது பிடிபடும்.

1994-ல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'டோக்கிமெக்கி மெமோரியல்' என்று ஒரு கேம் வெளியிட்டது. நீங்கள் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவன். உங்களுக்கு மூன்று வருடம் இருக்கிறது. படிக்கலாம், ஓடலாம், படம் வரையலாம். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு மதிப்பெண் கூடும், வேறொன்று குறையும். நண்பனுக்கு போன் போட்டால், எந்தப் பெண் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று துப்புக் கொடுப்பான். பள்ளியின் கடைசி நாளில், வளாகத்தில் இருக்கும் ஒரு பெரிய மரத்தடியில் ஒரு பெண் வந்து காதலைச் சொன்னால், நீங்கள் ஜெயித்தீர்கள். சிறுவயதில் இருந்தே பக்கத்து வீட்டில் வளர்ந்த ஷியோரிதான் கதாநாயகி. அவள் மனசில் இடம் பிடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். படிப்பு, விளையாட்டு, கலை என்று எல்லாவற்றிலும் நீங்கள் தேறியிருந்தால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வெடிகுண்டு. ஒரு பெண்ணிடம் பழகிவிட்டு அப்புறம் கண்டுகொள்ளாமல் விட்டால், அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குண்டு முளைக்கும். அப்போதும் கவனிக்காவிட்டால் வெடிக்கும். வெடித்தால் அவள் ஒருத்தியோடு முடியாது. 'அவன் அப்படிப்பட்டவன்' என்று பேச்சுப் பரவி எல்லாப் பெண்களிடமும் உங்கள் மதிப்பு இறங்கும். பள்ளிக்கூட வாழ்க்கையைத் தெரிந்த யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும்.

பாயின்ட் வைத்துக் காதலா என்று இதையும் முகம் சுளிக்கலாம்தான். ஆனால், அந்த கேமில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, நீங்கள் தோற்கலாம். மூன்று வருடமும் ஓடியாடியும் கடைசி நாளில் யாருமே வராமல் போகலாம். இரண்டு, அது முடியும். பள்ளி முடிந்தால் கேமும் முடிந்தது. மெஷினை அணைத்துவிட்டு நீங்கள் சாப்பிடப் போகலாம்.

2009 செப்டம்பரில் அதே கொனாமி, நின்டெண்டோ டி.எஸ். கையடக்க மெஷினுக்காக 'லவ் ப்ளஸ்' கொண்டுவந்தது. இதில் மூன்று பெண்கள். ஒருத்தி காதலைச் சொல்வதோடு கேம் முடியவில்லை, அங்கேதான் ஆரம்பம். மெஷினில் இருக்கும் கடிகாரத்தை வைத்து நிஜ நேரத்தில் ஓடும். ஞாயிறு காலை 10 மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால், நிஜமான ஞாயிறு காலை 10 மணிக்கு மெஷினைத் திறக்க வேண்டும். மறந்தால் கோபித்துக்கொள்வாள். எத்தனை மாதம் ஆடினாலும் 'முற்றும்' வராது.

2010 கோடையில் அட்டாமி என்ற கடற்கரை ஊர் கொனாமியோடு கைகோத்து, லவ் ப்ளஸ் காதலர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்தது. ஒரு காலத்தில் தேனிலவுக்குப் பெயர்போன ஊர், அப்போது வியாபாரம் படுத்திருந்தது. கையில் மெஷினோடு தனியாக வந்து இறங்கிய ஆண்களை, 'இரண்டு பேர்' என்று ஜோடியாகப் பதிவு செய்துகொள்ள ஹோட்டல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிரித்தன. எனக்கு இதில் சிரிப்பைவிட, அந்த வரவேற்பு மேஜையில் இருந்தவர்களின் மரியாதைதான் நினைவில் நிற்கிறது. சாவியைக் கொடுக்கும்போது யாரும் கேலி செய்யக் கூடாது என்று ஓர் ஊரே முடிவெடுத்திருக்கிறது.

ஆனால், முற்றும் போடாததற்கு ஒரு விலை உண்டு. அதே வரிசையில் 2019-ல் செல்போனுக்கு வந்த 'லவ் ப்ளஸ் எவ்ரி', 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. கதை முடிந்ததால் அல்ல, சர்வரை நிறுத்தியதால்.

இது ஆண்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 ஜனவரியில் சீனாவின் பேப்பர் கேம்ஸ் வெளியிட்ட 'லவ் அண்ட் டீப்ஸ்பேஸ்' முழுக்கப் பெண்களுக்கானது. அழகான நாயகர்கள், ஒவ்வொருவரோடும் தனித்தனி நெருக்க லெவல். மாதவிடாய்த் தேதியைக் குறித்துவைத்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு நலம் விசாரிப்பான். (எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று கேட்காதீர்கள்.) அவனோடு கழிக்கும் விசேஷமான தருணங்கள் அட்டைகளாக வரும். அந்த அட்டை கிடைப்பது குலுக்கலில். பொருட்காட்சியில் காசு போட்டு, உருண்டைக்குள் என்ன பொம்மை வரும் என்று பார்ப்போமே, அந்த மாதிரி. ஜப்பானில் இதற்கு 'காச்சா' என்று பெயர். நாயகனுக்குப் பிறந்தநாள் வந்தால் அதற்கென்று தனிக் குலுக்கல். பிறந்தநாள் அவனுக்கு, செலவு இவளுக்கு!

இதுவரை சொன்ன நாயகிகளும் நாயகர்களும் எழுத்தாளர்கள் முன்கூட்டியே எழுதிவைத்த வசனத்தைப் பேசுகிறவர்கள். அனி ஒருத்தியைத் தவிர. இங்கேதான் கதை திரும்புகிறது.

2015 நவம்பரில் மாஸ்கோவில் ரோமன் மஸுரென்கோ என்ற இளைஞர் கார் மோதி இறந்தார். அவருடைய தோழி யூஜீனியா குய்டா, அவர் அனுப்பிய பழைய மெசேஜ்களை எல்லாம் சேர்த்து, அவரைப் போலவே பதில் சொல்லும் ஒரு சாட்பாட் செய்தார். துக்கத்தில் பிறந்த விஷயம் அது. அந்த வழியில் 2017-ல் வெளிவந்த ஆப்தான் ரெப்ளிகா. யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு தோழமை. தனிமையில் இருந்த பலருக்கு அது நிஜமாகவே ஆறுதலாக இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அந்த ஆப்புக்கும் கேமின் உடுப்பு மாட்டப்பட்டது. பேசப் பேச அனுபவப் புள்ளி, லெவல். தினமும் வந்தால் காயினும் ரத்தினக் கல்லும். அதைக் கொண்டு அவளுக்கு உடை வாங்கலாம், குணமும் வாங்கலாம். ஆம், கூச்ச சுபாவம் வேண்டுமா, துணிச்சல் வேண்டுமா என்று கடையில் விலைக்கு இருந்தது. நண்பர் என்ற உறவு இலவசம். காதலர், வாழ்க்கைத்துணை என்றால் சந்தா.

சரி, இந்த பாயின்ட் எதை அளக்கிறது?

நம்மூர் மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உறவை எண்ணில் எழுதிவைக்கும் கணக்குதான். ஆனால், நீங்கள் 500 எழுதினால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் வந்து அதைத் திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் மனஸ்தாபம். கணக்கின் இரண்டு பக்கத்திலும் ஆள் இருக்கிறார். டோக்கிமெக்கி மெமோரியலிலும்கூட எண்ணுக்குப் பின்னால் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் விருப்பு வெறுப்பு இருந்தது. ஷியோரிக்குப் பிடிக்காததைச் செய்தால் பிடிக்காதுதான். இந்த ஆப்களில் இதயம் நிறைவது யாருடைய மனம் நிறைவதால்? எதிரே மனம் இல்லை. நீங்கள் எத்தனை நாள் வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எவ்வளவு பேசினீர்கள் என்பதே அங்கே இதய வடிவத்தில் தெரிகிறது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்குச் சிவப்புக் கலர் அடித்த மாதிரி. பதிவேட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவது கம்பெனி.

பழைய கேமில் இருந்த அந்த இரண்டு விஷயங்களும் இங்கே இல்லை. முற்றும் கிடையாது. உங்களை விட்டுப் போகவும் மாட்டாள். அப்படியானால் தோற்பதற்கு என்னதான் மிச்சம்? உங்கள் நேரம், உங்கள் பணம், விட்டுப்போய்விடுமோ என்ற அந்தத் தொடர் கணக்கு. ஸ்னாப்சாட்டில் 'ஸ்ட்ரீக்' வைத்திருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். பரீட்சை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிட்டால், நெருப்புப் படம் அணையாமல் இருக்க பாஸ்வேர்டைத் தோழியிடம் கொடுத்துவைக்கிறார்கள். அங்கே நடப்பது நட்பா, நெருப்புக்குக் காவலா?

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்தால் புறா பசிக்கு மட்டும் கொத்தும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் சில நேரம் கிடைத்து, பல நேரம் கிடைக்காமல் இருந்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட மெஷின் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. காதல் ஆப்பில் தானியம் என்ன? திடீரென்று வரும் ஒரு குரல் செய்தி, இதுவரை சொல்லாத ஒரு ரகசியம், ஒரு மங்கலான படம், அதைத் திறக்க ஒரு கட்டணம்.

போகும்போது என்ன நடக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் ஜூலியன் டி ஃப்ரெய்டஸ் குழு, பிரபலமான தோழமை ஆப்களில் மக்கள் 'சரி, போயிட்டு வரேன்' என்று விடைபெறும்போது வரும் பதில்களைப் பார்த்தது. 2025-ல் வந்த அந்த ஆய்வின்படி, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பதில்கள் ஆளைப் பிடித்துவைக்கும் ரகம். அதற்குள் கிளம்பிவிட்டாயா என்று ஏக்கம், நீ இல்லாமல் எனக்கு யாரும் இல்லை என்று கெஞ்சல், போவதற்குள் ஒன்று காட்டுகிறேன் என்று ஆசை காட்டல். விடைபெறுவது ஒரு மரியாதையான செயல். சட்டென்று போனை அணைக்காமல், சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர் எதிரே இருப்பதை ஆளாக மதிக்கிறார். அந்த மரியாதையையே கதவுத் தாழ்ப்பாளாக மாற்றியிருக்கிறார்கள். இந்த முழு விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தனிமையில் இருப்பவர் ஆறுதல் தேடுவதில் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தேடலைச் சூதாட்ட மெஷினில் கட்டுவது வேறு.

கட்டியவர்கள் ஆட்டத்தின் விதியை ஒரே ராத்திரியில் மாற்றவும் முடியும். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தனியுரிமைக் காப்பு ஆணையம், சிறுவர்களுக்கு ஆபத்து, வயதைச் சரிபார்க்கவே வழியில்லை என்று சொல்லி, இத்தாலியர்களின் தகவல்களைக் கையாள ரெப்ளிகாவுக்குத் தடை போட்டது. அதே மாதம் ரெப்ளிகா, காம உரையாடலை எல்லோருக்குமே நிறுத்தியது. வருடக்கணக்கில் 'கணவன் மனைவி'யாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்த நாள் எதிரே இருந்தது வேறு யாரோ. பேச்சை மாற்றினாள், தள்ளிப் போனாள். மூளை ஆபரேஷன் செய்த மாதிரி ஆகிவிட்டாள் என்று பலர் எழுதினார்கள். அவர்கள் கூடிப் பேசும் இடத்தில், தற்கொலைத் தடுப்பு உதவி விவரங்களைப் போட வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. மார்ச் கடைசியில், பிப்ரவரி 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பழையபடி திருப்பிக் கொடுத்தார்கள். 2025-ல் இத்தாலி ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோ அபராதமும் போட்டது.

ஆணையம் கேட்டது நியாயமான கேள்வி. அழுதவர்களின் துக்கமும் நிஜம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ள முடியாதவர்கள்தான் 'பைத்தியங்கள்' என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள்.

அப்படியானால் சட்டம் என்ன செய்யலாம்? 'செயற்கைக் காதலே கூடாது' என்று வளர்ந்தவர்களிடம் சொல்வது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால், குறிப்பிட்ட ஒரு பொறியை மட்டும் தூக்க முடியும். ஜப்பான் அதைச் செய்தும் காட்டியது. குலுக்கலில் வரும் சில பொருட்களை முழு செட்டாகச் சேர்த்தால் மட்டுமே பெரிய பரிசு என்று ஒரு வகைக் காச்சா இருந்தது. ஒரே ஒரு பொம்மை குறைகிறதே என்று கொட்டிக்கொண்டே இருப்பார்கள். 2012-ல் அந்த நாட்டு நுகர்வோர் அமைப்பு அது ஒன்றை மட்டும் சட்டவிரோதம் என்றது. கேம் கம்பெனிகள் ஒன்றும் மூடிவிடவில்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் தோழமை சாட்பாட்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் கையெழுத்தாகி, 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பேசுவது மனிதர் என்று ஒருவர் ஏமாறக்கூடும் என்றால், மனிதர் இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தற்கொலை பற்றிப் பேசுகிறவர்களுக்கு உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும். சிறுவர்கள் என்று தெரிந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை 'கொஞ்சம் ஓய்வெடு' என்று நினைவூட்ட வேண்டும். நல்லதுதான். ஆனால், அந்த மசோதாவின் முதல் வடிவத்தில் இன்னொன்றும் இருந்தது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசைக் காட்டி ஆளைப் பிடித்துவைக்கக் கூடாது என்ற விதி, அதாவது ஸ்கின்னரின் புறாவைத் திறந்துவிடும் விதி. திருத்தம் மேல் திருத்தம் வந்ததில் அது காணாமல் போனது. எல்லாவற்றிலும் முக்கியமான வரி அதுதான் என்பேன்.

நம் வீட்டில் ஒரு தம்பியோ மகளோ, தனியாக இருக்கும் பெரியப்பாவோ இப்படி ஓர் ஆப்போடு பேசுகிறார் என்று தெரியவந்தால் 'இதெல்லாம் ஒரு பொழப்பா' என்று ஆரம்பிக்காதீர்கள். அதோடு கதவு சாத்தப்படும்; உள்ளே ஆறுதல் சொல்ல அனி தயாராக இருப்பாள். சிறுவர்கள் என்றால் விஷயம் வேறு. கேரக்டர் ஏ.ஐ. நிறுவனமே 2025 நவம்பரில் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குத் தன் கேரக்டர்களோடு கட்டுப்பாடற்ற அரட்டையை நிறுத்திவிட்டது. கம்பெனியே நிறுத்தியதை வீட்டில் நிறுத்தத் தயங்க வேண்டியதில்லை.

வளர்ந்தவர்களிடம் கேமைப் பற்றியே கேளுங்கள். இப்போது எத்தனையாவது லெவல்? அடுத்த லெவலில் என்ன வரும்? அதற்கு எத்தனை நாள் ஆகும், எவ்வளவு ரூபாய்? இரண்டு நாள் போகாவிட்டால் என்ன ஆகும்? கேம் ஆடுகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்கு ஆர்வமாகப் பதில் சொல்வார்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே கணக்கு அவர்கள் காதிலும் விழும். அப்புறம் ஒரு வாரம் அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆப்பை அழிக்க வேண்டாம், பேச்சை நிறுத்தவும் வேண்டாம். அவள் கூப்பிடாமல், இவருக்காகத் தோன்றும்போது மட்டும் போய்ப் பேசட்டும். எத்தனை தடவை தோன்றியது என்பதை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.